நாரைத் தீவுக்குக் கட்டிய காப்பு

ஆடி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். மனிதர்களின் கைகளுக்குக் கட்டி முடித்த பிறகு, குளத்தங்கரையில் கிடந்த தெப்பத்துக்கும் ஒரு காப்புக் கட்டினார்கள். மலாயாவின் அந்த ரப்பர் தோட்டத்தில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. பூசாரி பக்கிரிசாமி மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைத் தெப்பத்தின் முகப்புக் கட்டையில் சுற்றி முடிச்சுப் போட்டபோது, கூட்டத்தில் சிரிப்பதா கும்பிடுவதா என்று தெரியாமல் பலர் நின்றார்கள். பரஞ்சோதி கும்பிட்டான்.

அது ரப்பர் ஆலைக்குத் தண்ணீர் எடுப்பதற்காக, வெள்ளைக்காரன் காலத்தில் அணை போட்டுத் தேக்கிய குளம். தண்ணீர் ஏறியபோது மூழ்காமல் தப்பிய இரண்டு மேடுகள் நடுவில் தீவுகளாக நின்றன. ஜப்பான்காரன் வந்த பிறகு ஆலை நின்றது, எண்ணெய் இல்லாமல் பம்பும் நின்றது. பம்புக்காரனாக இருந்த பரஞ்சோதிக்கு அணைக்கரையைப் பார்த்துக்கொள்வதும் எண்ணெய் டிரம்களைப் பலகையில் பிணைத்துச் செய்த தெப்பத்தைக் காப்பதும்தான் மிஞ்சிய வேலை. பம்புக் கொட்டகையிலேயே தனியாகக் கிடந்தான். அதிகம் பேசமாட்டான். பேசுவதற்கு முன்னால் யோசிப்பான், யோசித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள்.

அந்தத் தீவுகளில்தான் நாரைகள் கூடு கட்டின. ஆள் இடுப்பளவு உயரம், வெள்ளை உடம்பு, மஞ்சள் அலகு. மலாய்க்காரர்கள் உப்பே என்பார்கள். வளர்ந்த நாரைக்குக் குரல் கிடையாது. கோபமானாலும் சந்தோஷமானாலும் அலகைத்தான் தட்டும். அந்தத் தட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பரஞ்சோதி நாள் முழுவதும் கரையில் உட்கார்ந்திருப்பான்.

போன வருடம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்கள் சின்னத் தீவுக்குப் போய் முட்டையை எடுத்தார்கள். பிறகு குஞ்சுகளையும் எடுத்தார்கள். மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறெதையும் பார்க்காத வயிறுகள், பரஞ்சோதியால் குறை சொல்ல முடியவில்லை. இந்த வருடம் சின்னத் தீவில் ஒரு பறவைகூட இறங்கவில்லை. எல்லாம் பெரிய தீவிலேயே நெருக்கியடித்துக்கொண்டு கூடு கட்டின.

கோத்தா கோலா மூடாவிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவரும் யஹ்யா, கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு தீவிலிருந்த மரங்களையே வெகு நேரம் பார்த்தான்.

“எங்க கடலோரத்துல இப்ப இது ஒண்ணுகூட இல்லண்ணே. சேத்துல நிக்கிற பாக்காவ் காட்டயெல்லாம் ஜப்பான்காரன் ரயிலுக்கு வெறகா வெட்டிட்டான். கூடு கட்ட மரம் இல்ல. நான் என்னமோ செத்துத் தொலஞ்சிருச்சுன்னு நெனச்சேன். இங்கல்ல வந்து ஒக்காந்திருக்கு!”

“எல்லாமே இங்கதானா?” என்று கேட்டான் பரஞ்சோதி.

“நான் போற வர்ற எடத்துல வேற எங்கயும் பாக்கலண்ணே. இதையும் தின்னுட்டீங்கன்னா அவ்வளவுதான்லா.”

பரஞ்சோதி இதை மருதம்மாளிடம் மட்டும் சொன்னான். மருதம்மாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அவள் கணவன் அய்யாவுவைச் சயாம் ரயில் பாதை வேலைக்கென்று லோரியில் ஏற்றிக்கொண்டு போய் வருடம் திரும்பிவிட்டது, ஒரு சேதியும் இல்லை. யார் யாரை ஏற்ற வேண்டும் என்று கை காட்டியவர் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி மணியம். துரைமார் ஓடிய பிறகு பங்களாவில் குடியேறி, தோட்டத்துக்கே துரையாகிவிட்டவர். லயத்தில் எல்லோரும் கோணிச்சாக்கைத் தைத்து உடுத்தியபோது அவர் மட்டும் வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தார்.

திருவிழாப் பேச்சு எடுத்த அன்று மருதம்மாள் கோயில் முன்னால் எழுந்து நின்றாள்.

“போன வருசம் சின்னத் தீவத் தின்னோம். ஒரு வாரம் ஏப்பம் விட்டோம். இப்ப அந்தப் பக்கம் வலை போட்டா தவளதான் வருது. பெரிய தீவச் சுத்தித்தான் மீனு நிக்குது. ஏன்? மேலேருந்து எச்சம் விழுது, தின்னு கொழுக்குது. நாரை போச்சுன்னா மீனும் போச்சு. அப்புறம் கொளத்துத் தண்ணியத்தான் மோந்து குடிக்கணும்.”

“அப்ப நாரைக்கு ஒரு கோயில் கட்டிரலாமா மருதம்மாக்கா?” என்றான் பழனியாண்டி. சாகக் கிடந்தாலும் கேலி பேசுகிறவன். “பூசாரிக்கும் வேல கெடச்ச மாதிரி இருக்கும்.”

“கட்டுவேன்டா. மொத பலி நீதான். ஆனா ஒன்ன வெட்டி அம்மனுக்கு என்ன கெடைக்கப் போவுது, எலும்பு.”

சிரித்தார்கள். சிரிப்பு ஓய்வதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: “காப்புக் கட்டுவோம். இந்த வருசம் குஞ்சு பறக்கிற வரைக்கும் அவுக்க வேணாம்.”

காப்புக் கட்டிவிட்டால் தோட்டத்துக்கே கட்டு. உயிரைக் கொல்லக்கூடாது, கவுச்சி தின்னக்கூடாது, ஒருவர் மேல் ஒருவர் கை ஓங்கக்கூடாது, எல்லையைத் தாண்டிப் போய் இரவு தங்கக்கூடாது. பக்கிரிசாமி தாடியைத் தடவிவிட்டு, தீவில் யாரும் கால் வைக்கக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டார். அதற்காகத்தான் தெப்பத்துக்கும் காப்பு.

ஒவ்வொரு வருடமும் முதல் காப்பு கோயில் தலைவரான மணியத்தின் கைக்குத்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் இல்லை. ஜப்பான் அதிகாரி கூப்பிட்டதாகச் சொல்லி விடிவதற்கு முன்பே சுங்கைப் பட்டாணிக்குப் போய்விட்டார். மறுநாள் திரும்பினார். தலைவர் இல்லாமல் கட்டிவிட்டோமே என்று பூசாரி வருத்தப்பட்டார். வேறு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிழங்கும் உப்புமாக நாட்கள் போயின. மீன் கேட்டு அழுத பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் மணிக்கட்டில் இருந்த கயிற்றைக் காட்டினார்கள். கால் வீங்கிப்போன கிழவர்கள்கூடக் குளத்தைப் பார்க்காமல் திரும்பிப் படுத்தார்கள். பரஞ்சோதிக்கு அந்த நாட்களில் தன் ஜனங்களை நினைத்து ஒரு பெருமை இருந்தது. பட்டினிக்கு நடுவில் ஒரு நல்ல காரியத்தைச் சேர்ந்து செய்கிறார்கள். எதிரே தீவில் குஞ்சுகள் வெள்ளைப் பஞ்சாகக் கூட்டுக்கு மேலே தலை தூக்கின. இரை கொண்டுவரும் தாய்ப்பறவை கூட்டில் கக்கும் மீன் சில சமயம் தவறிக் கீழே விழுந்து அழுகியது. அந்த நாற்றம் காற்றில் வரும்போதெல்லாம் அவனுக்குப் பசி கூடும். அப்போதும் அவன் எழுந்து போகமாட்டான்.

ஒருநாள் காலையில் மணியம் இரண்டு வெளியாட்களோடு கரைக்கு வந்தார். பக்கத்துச் சுங்கை லாலாங் தோட்டத்து ஆட்கள். கையில் தடியும் சாக்குகளும். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துச் சத்தம் போட, லயமே கரைக்கு ஓடிவந்தது.

“கிராணியாரே, காப்பு,” என்றார் பக்கிரிசாமி மூச்சு வாங்க.

மணியம் வலது கையை உயர்த்தித் திருப்பித் திருப்பிக் காட்டினார். வெறும் கை.

“நான் கட்டலியே பூசாரி. கட்டுறப்ப நான் எல்லைக்குள்ளயே இல்ல. இவங்க வேற தோட்டம். கட்டாதவனுக்கு என்ன தடை? நீங்கதான் சொல்லணும், ஒங்களுக்குத் தெரியாத முறையா?”

முறை என்னவோ அதுதான். காப்புக் கட்டும் நேரத்தில் எல்லைக்கு வெளியே இருந்தவனை அது கட்டாது.

“வேணும்னே போயிருக்க,” என்றாள் மருதம்மாள். “ஒரு நாளு முன்னாலயே தெரிஞ்சு, வேணும்னே போயிருக்க நீ!”

“ஜப்பான் தொர கூப்ட்டா நீ போவமாட்டியாம்மா? பெரிய ஆளுதான். இந்தா பாருங்க, அவன் மறுபடி சயாமுக்கு ஆள் கேக்குறான். நாலு பறவயச் சுட்டு விருந்து வச்சா கொஞ்ச நாளு மறந்து கெடப்பான். ஒங்களுக்காகத்தான் செய்யறேன்.”

“போன வருசம் எங்க வீட்டு வாத்தெல்லாம் புடிச்சிட்டுப் போயி விருந்து வச்ச. அதத் தின்னுட்டு ஏப்பம் விட்ட கையோடதான எம்புருசன லோரில ஏத்துனான்?”

மணியம் தெப்பத்தின் காப்பைப் பேனாக்கத்தியால் அறுத்துத் தண்ணீரில் போட்டார். இரண்டு ஆட்களும் ஏறிக் கழியைப் போட்டார்கள். அவர் கரையிலேயே குடையை விரித்துக்கொண்டு நின்றார்.

தெப்பம் நகர்ந்தது. கரையில் ஒருவரும் அசையவில்லை. பரஞ்சோதி திரும்பிப் பார்த்தான். அத்தனை மணிக்கட்டுகளிலும் மஞ்சள் கயிறு. தடுக்க வேண்டியவர்கள் எல்லோருக்கும் கை கட்டு, கொல்லப் போகிறவனுக்கு மட்டும் இல்லை. பறவையைக் காக்க என்று கட்டிக்கொண்டது அதைக் காக்க வருகிறவனைத்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறது. இவர்கள் பட்டினி கிடந்ததெல்லாம் இந்த ஆள் விருந்து வைக்கவா? கவுச்சி வாடை படாமல் குஞ்சுகளை வளர்த்துக் கொழுக்கவைத்துக் கொடுத்தோமா?

தீவிலிருந்து அலகுத் தட்டல் கேட்டது. எல்லா மரங்களிலிருந்தும், ஒரே சமயத்தில். பிறகு வெள்ளையாக ஒரு கூட்டம் எழும்பித் தலைக்கு மேலே சுற்றியது. குஞ்சுகளின் கரகரத்த கத்தல்.

பரஞ்சோதி வலது மணிக்கட்டைப் பல்லில் வைத்துக் கடித்தான். கயிறு அறுந்தது. பின்னால் யாரோ ஒரு பெண், “ஐயோ, அம்மா!” என்று வீறிட்டாள். அவன் தண்ணீரில் இறங்கிவிட்டான்.

நீந்தித் தீவில் ஏறியபோது இரண்டு சாக்குகள் நிறைந்து வாய் கட்டிக் கிடந்தன. ஒன்று அசைந்தது. மற்றது அசையவில்லை. வயதில் மூத்தவன் தடியை ஓங்கியபடி ஒரு கூட்டுக்குக் கீழே நின்றான். பரஞ்சோதி, முட்புதரில் கிழிந்த தோளிலிருந்து ரத்தம் வழிய, அசைந்த சாக்கின் கட்டை அவிழ்த்துக் கவிழ்த்தான். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, பயத்தில் தின்ற மீனைக் கக்கிக்கொண்டு புதருக்குள் தடுமாறின. பிறகு தடி வைத்திருந்தவன் முன்னால் போய் நின்றான்.

“விடுய்யா,” என்றான் இளையவன் மூத்தவனிடம். “கையப் பாரு. காப்ப அறுத்துட்டு வந்திருக்கான். இதுக்கு மேல இவனுக்கு என்ன பயம்?”

மூத்தவன் அவன் முகத்தையே பார்த்தான். தடி மெல்ல இறங்கியது. செத்த குஞ்சுகள் இருந்த சாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு தெப்பத்தில் ஏறினார்கள். மணியத்துக்கு அது கிடைத்தது. “மொத லோரில நீதான்டா,” என்று தண்ணீர்மேல் கத்திவிட்டு அவர் போனார்.

அவர்கள் கரையில் விட்டுப்போன தெப்பத்தை மருதம்மாள்தான் காலால் உந்தித் தண்ணீரில் தள்ளிவிட்டாள். காற்று அதைத் தீவுப் பக்கமாகக் கொண்டுவந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பரஞ்சோதி கரைக்குத் திரும்பியபோது கூட்டம் அப்படியே நின்றிருந்தது. ஏதோ சொல்வார்கள் என்று நினைத்தான். அவர்கள் இரண்டு பக்கமும் விலகினார்கள். தங்கள் மேல் அவன் பட்டுவிடக்கூடாது என்று பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள். பக்கிரிசாமி மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு வந்து அவனுக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு கோடு ஊற்றினார்.

“கோச்சுக்காத தம்பி. கட்டுன காப்ப நடுவுல அறுத்தா ஊருக்கு ஆகாது. அம்மை கிம்மை வந்துட்டா யாரு பதில் சொல்றது? அவுக்கிற வரைக்கும் நீ இந்தப் பக்கம் வராத.”

மணியம் போன வழியில் யாரும் கோடு போடவில்லை. அவர் முறை தவறவில்லை அல்லவா.

பரஞ்சோதி பம்புக் கொட்டகைக்கும் போகவில்லை. தெப்பத்தைத் தள்ளிக்கொண்டுபோய்க் குளத்தின் நடுவில், தீவுக்குப் பக்கத்தில் ஒரு பட்டமரத்தில் கட்டிவிட்டு அதிலேயே உட்கார்ந்தான். வெயிலிலும் மழையிலும் அங்கேயே இருந்தான். கோபம் அவனுக்குள் அலைந்துகொண்டே இருந்தது. மணியத்தின் மேல் இருந்ததைவிட மற்றவர்கள் மேல்தான் அதிகம். மணியத்திடம் அவன் ஒன்றும் எதிர்பார்த்ததில்லை. இவர்கள்மேல் பெருமைப்பட்டிருந்தான், அதுதான் சுட்டது. அய்யாவுவை லோரியில் ஏற்றிய அன்றும் இதே ஜனங்கள் இதே மாதிரி வரிசையாக நின்றார்கள். அன்றைக்கு யார் கையிலும் கயிறு இருக்கவில்லை. அவனும்தான் அந்த வரிசையில் நின்றான். இதை நினைத்தபோது கோபத்துக்கு எங்கே போவதென்று தெரியவில்லை.

மணியம் மறுபடி ஒருமுறை ஆட்களோடு வந்தார். பரஞ்சோதி தெப்பத்தில் எழுந்து நின்று கழியைக் கையில் எடுத்தான்.

“ஒனக்கும் கட்டு இல்ல. எனக்கும் இல்ல,” என்றான். “வா.”

மணியத்துக்கு நீச்சல் தெரியாது. கூட வந்தவர்கள் தண்ணீரையும் கழியையும் பார்த்துவிட்டு, கூலியாக வாங்கிய அரிசியைத் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள்.

மருதம்மாள் மட்டும் கரையில் வாழையிலையில் கிழங்கு வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பாள். அவன் வந்து எடுத்துக்கொள்வான். ஒருநாள் கேட்டாள்: “எங்க மேல கோவமாண்ணே?”

அவன் கிழங்கை இலையோடு மடித்தான்.

“யாரு கையில கயிறு இருக்குன்னு பாத்தீங்க. யாரு கையில சாக்கு இருந்துச்சுன்னு ஒருத்தரும் பாக்கல.”

அவள் கயிற்றை மறுகையால் மூடிக்கொண்டு போனாள்.

குஞ்சுகள் சிறகு முளைத்துக் கிளைக்குக் கிளை தாவின. பிறகு ஒவ்வொன்றாகத் தண்ணீருக்கு மேல் வந்தன. பெரும்பாலானவை பறந்த பிறகு பக்கிரிசாமி கூழ் ஊற்றிக் காப்பை அவிழ்த்தார். பரஞ்சோதியைக் கூப்பிடவில்லை. அவிழ்க்க அவனிடம் என்ன இருந்தது?

ஆனால் எல்லாக் குஞ்சுகளும் பறந்துவிடவில்லை. மணியத்தின் ஆட்கள் கலைத்த கூடுகளில் பறவைகள் திரும்ப முட்டையிட்டுப் பொரித்த சின்னக் குஞ்சுகள் இன்னும் மரத்தில் இருந்தன. காப்பு அவிழ்த்த மறுநாள் காலையில் மணியம் வெளியாட்களைக் கூட்டிவரவில்லை. ஓர் அரிசி மூட்டையைத் தூக்கிவரச் செய்து கரையில் வைத்து, லயத்து ஆட்களையே கூப்பிட்டார்.

“காப்பும் அவுத்தாச்சு. இனிமே யாருக்கும் ஒரு தடையும் இல்ல. அதிகாரி நாளைக்கு வர்றான். தீவுக்குப் போற வீட்டுக்கெல்லாம் அரிசி. கொஞ்ச நஞ்சமில்ல, ரெங்கூன் அரிசி, மோந்து பாருங்க.”

மூட்டையின் வாயைத் திறந்துவிட்டார். பரஞ்சோதி கிழங்கு எடுக்கத் தெப்பத்தைக் கரைக்குக் கொண்டுவந்த நேரம் அது. கூட்டம் அரிசியைப் பார்ப்பதைப் பார்த்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. ஒரு கிழவி ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துக்கொண்டான். இத்தனை பேரைக் கழியால் தடுக்க முடியாது. தடுக்க மனமும் வராது, அரிசிக்காக நிற்கிறார்கள்.

மருதம்மாள் கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். கையில் விறகு பிளக்கும் கோடாலி. அரிசி மூட்டையைத் தாண்டி, மணியத்தைத் தாண்டி, நேராகத் தண்ணீரில் இறங்கித் தெப்பத்தின் மேல் ஓங்கிப் போட்டாள். பலகை பிளந்தது. சாக்கோடு தீவுக்குப் போய்வர அந்தத் தெப்பத்தை விட்டால் வேறு வழி இல்லை.

“ஏய்! ஏய்! என்ன பண்ற?” மணியம் ஓடிவந்து தண்ணீர் ஓரத்தில் நின்றார். “அது தோட்டத்துச் சொத்து!”

“எம்புருசனுந்தான் தோட்டத்துச் சொத்தா இருந்தான்,” என்றாள் அவள். இன்னொரு வெட்டு. “அவன எங்க கொண்டுபோயி வச்சிருக்க? காட்டு. காட்டிட்டு இதுக்குக் கணக்குக் கேளு.”

“அதிகாரிகிட்ட சொன்னா தலய எடுத்துருவான்!”

“சொல்லு. நாரை தரேன்னு சொன்னது நீதான? நாங்களா சொன்னோம்? வந்து பாத்தா நாரைக் கறியும் இருக்காது, தெப்பமும் இருக்காது. மொதல்ல யாரு தலய எடுப்பான்னு பாப்போம்.”

மணியத்தின் முகம் மாறியதைப் பரஞ்சோதி பார்த்தான். அந்த ஆளுக்கும் பயம் உண்டு என்பது அன்றைக்குத்தான் வெளியே தெரிந்தது. கூட்டத்துக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பழனியாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

“கிராணியாரே, நீச்சல் கத்துக்குங்க,” என்றான். “நான் வேணும்னா சொல்லித் தரேன். கூலி அரிசியா குடுத்தாப் போதும்.”

யாரோ சிரித்தார்கள். இன்னும் சிலர் இறங்கினார்கள். கயிறுகளை அறுத்தார்கள். டிரம் ஒன்று விடுபட்டு உருண்டு போனது. பக்கிரிசாமி கரையிலேயே நின்றார். வெகு நேரம் கழித்து அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, பரஞ்சோதியின் பக்கம் பார்க்காமல், ஆணியைப் பிடுங்க உதவினார்.

பரஞ்சோதி முழங்கால் தண்ணீரில் நின்றான். இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அசையாத அந்தச் சாக்கு நினைவுக்கு வந்தது. இவர்கள் இப்போது இறங்கியதால் அதெல்லாம் இல்லை என்று ஆகிவிடாது, அவன் கோபமும் தீரவில்லை. தீர வேண்டிய அவசியமும் இல்லை என்று தோன்றியது.

நீளப் பலகையின் ஒரு முனையை மருதம்மாள் தனியாகத் தூக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். அவன் போய் மறுமுனையைப் பிடித்தான்.